பாதிப் பெருக்கல் குறி

வருகைப் பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு போடுவோம். பிற்பகலுக்கு அதன் குறுக்கே இன்னொரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. பிள்ளை நாள் முழுவதும் பள்ளியில் இருந்தது என்று பொருள். செல்போன் செயலி வருவதற்கு முன்னால் எங்கள் வேலை அப்படித்தான் நடந்தது. மாதக் கடைசியில் கூட்டல் போட்டுத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டால் அந்த மாதம் முடிந்தது. அந்தப் பதிவேட்டைக் கூட்டத் தெரிந்த எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதை ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன்தான் எனக்குக் காட்டினான்.

2011 ஆம் ஆண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தேன். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர்க் கல்வி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்து, ஆகஸ்டு மாதம்தான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தது. அதுவரை கதை சொல்லியும் பழைய கணக்குகளைப் போட்டும் ஓட்டினோம். புத்தகம் வந்த பிறகு இழந்த இரண்டு மாதங்களையும் பிடித்துவிட வேண்டும் என்ற வெறியில் இருந்தேன். முதல் பாடவேளை எனக்கு. அந்தப் பாடவேளையில்தான் அவன் வரமாட்டான்.

வராமலே இருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பத்தரை மணிக்கு, நான் கரும்பலகையில் பாதிக் கணக்கில் நிற்கும்போது, வாசலில் வந்து நிற்பான். தலை ஈரமாக இருக்கும். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருக்கும். உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவான். கன்னத்தை மேசையில் வைத்து, வாய் திறந்து, பஸ்ஸில் தூங்குகிறவர்களைப் போல. நான் அவனுக்கு "பத்தரை மணி பஸ்" என்று பெயர் வைத்தேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அவன் சிரித்ததால் அது வேடிக்கை என்றே நினைத்துக்கொண்டேன். மாணவருக்கு மனவேதனை தரும் எதையும் செய்யக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றிய பயிற்சி வகுப்பில் சாயா குடித்துவிட்டு வந்தவன்தான் நான்.

செப்டம்பர் கூட்டலை முடித்த நாளில், சும்மா விரல் வைத்து அவன் வரிசையை மட்டும் நகர்த்திப் பார்த்தேன். காலைக் கோடு இல்லாமல் பிற்பகல் கோடு மட்டும் நிற்கும் கட்டங்கள். பாதிப் பெருக்கல் குறிகள். எந்தக் கிழமை என்று பார்த்தேன், பிடிபடவில்லை. ஒரு வாரம் திங்கள், புதன், வெள்ளி. அடுத்த வாரம் செவ்வாய், வியாழன். பிறகு தேதியைப் பார்த்தேன். ஆகஸ்டில் பெரும்பாலும் ஒற்றைப்படை. செப்டம்பரில் இரட்டைப்படை. ஆகஸ்டுக்கு 31 நாள். 31 ஐ அடுத்து ஒரு நாள் விட்டால் செப்டம்பர் 2. அதாவது பையன் கிழமையையும் பார்க்கவில்லை, தேதியையும் பார்க்கவில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் எண்ணுகிறான். சோம்பேறிக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. செப்டம்பரில் இரண்டு நாள் வகுப்பே ஓட்டை விழுந்து கிடந்தது. நல்ல மழை பெய்த நாட்கள். ஓடை பெருகினால் மேல்பக்கத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அந்த இரண்டு நாளும் இவனுக்கு மட்டும் முழுப் பெருக்கல் குறி. ஊரே மழைக்கு ஒதுங்கிய நாளில் முதல் மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

இந்த மண்ணில் பிறந்தவன் இதற்கு மேலும் யோசிக்க வேண்டியதில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள், மழையென்றால் இல்லை. ரப்பர் பால்வெட்டு, மரப்பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுக்கிற வேலை. ஒரு நாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. பால் அதைப் பிடிக்கும் சிரட்டைக்குப் போகாமல் மரத்தோடு வழிந்துவிடும். மழை படாமல் மரத்தில் பிளாஸ்டிக் பாவாடை கட்டுகிறவர்களும் உண்டு. கையில் காசு இருப்பவர்கள்.

சத்துணவு சமைக்கும் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்களுக்கு இப்போதுதான் தெரியுமா சார்? வெட்டு நாளில் இரண்டாவது தடவையும் சோறு கேட்பான். மற்ற நாளில் கேட்கமாட்டான்." அந்த அக்காவுக்கு இரண்டு மாதமாகத் தெரிந்திருக்கிறது. யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்தப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனாலும் முதல் வாரத்தில் நான் பழகிக்கொள்வது மூன்று பேரிடம்: சமையல்காரர், காவலாளி, பிள்ளைகள் வரும் பஸ்ஸின் கண்டக்டர். ஆசிரியர் அறையில் பேசப்படுவது மதிப்பெண். பசியும் தூக்கமும் இவர்களுக்குத்தான் தெரியும்.

அவனிடம் கேட்பது அடுத்த வேலை. இதில் நான் முன்பு பலமுறை தோற்றிருக்கிறேன். தனியாகக் கூப்பிட்டு, எதிரே நிறுத்தி, "என்ன பிரச்சினை மக்களே?" என்று கேட்டால் உலகத்தில் எந்தப் பிள்ளையும் சொல்கிற பதில் ஒன்றுதான்: "ஒன்றுமில்லை சார்." அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, தனக்குப் பிரச்சினை இருக்கிறது என்று முதலில் அவன் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கே அது முடியாது. அதனால் கணக்கு வாத்தியார் பாணியில் எண்ணைக் கேட்டேன். நோட்டுக் கட்டைப் பாதி அவன் கையிலும் பாதி என் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது, முகத்தைப் பார்க்காமல், "இன்றைக்கு எத்தனை மணிக்கு எழும்பினாய்?" என்றேன்.

"மூன்றரைக்கு."

"எத்தனை மரம்?"

நின்றுவிட்டான். பிறகு, "இருநூற்று நாற்பது" என்றான். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா ஜூலைக் கடைசியில் கமுகு மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடக்கிறார். ரப்பர் கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டி நின்ற வருடம் அது. அந்த ஆசையில் கடன் வாங்கி ஒரு விளையை, அதாவது ரப்பர் தோட்டத்தை, குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். மரம் வெட்டப்படாமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் குத்தகைப் பணம் கரைகிறது. அம்மை முந்திரி ஆலைக்குப் போகிறார். எங்கள் பக்கத்தில் அதற்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஆகவே இருட்டோடு இவன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுகிறான். பொழுது விடிவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பால் வடிந்து நிற்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். எட்டரைக்குப் பிறகு வாளியோடு மறுபடியும் இருநூற்று நாற்பது மரத்தையும் சுற்றி, சிரட்டை சிரட்டையாக வடித்து, டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் கலந்து வைத்துவிட்டு, குளித்துவிட்டு வருகிறான். மறுநாள் உறைந்த பாலைத் தகடாக அழுத்தி ஷீட் அடிக்கிற வேலை மட்டும்தான். அன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்துவிடுவான்.

அவன் நோட்டை அன்று மாலை எடுத்துப் பார்த்தேன். எத்தனை முறை திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! பக்க ஓரங்களில் பழுப்பு நிறத்தில் மெல்லிய இழை ஒட்டியிருந்தது. நகத்தால் இழுத்தேன், நீண்டது. விட்டேன், சுருங்கிக்கொண்டது. விரலிடுக்கில் காய்ந்த ரப்பர் பால் தாளில் ஒட்டிக்கொண்டது. அதை நான் அழுக்கு என்று நினைத்து "சுத்தம் தேவை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன், மூன்று இடத்தில்.

வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். எழ முடியாத கோபம் முகத்தில் தெரிந்தது. "படிப்பை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை சார்" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. குற்றம் சாட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். வீட்டுக்குப் போகும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இது: போனவுடன் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல விஷயத்தை, உண்மையான ஒன்றை, முதலில் சொல்லிவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் கட்டன் சாயாவை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் தன் குற்றத்தை மறுத்துக்கொண்டே போனார். அரை மணி நேரம் வீண்.

செய்ய முடிந்தது கொஞ்சம்தான். பக்கத்து விளையில் வெட்டும் ஒருவர் பாதிக்குப் பாதி என்ற கணக்கில் வெட்டித் தரச் சம்மதித்தார். பால் எடுக்க அம்மையின் தங்கை வந்தார். வருமானம் பாதியானது, குத்தகை தப்பியது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அப்பாவைக் காட்டி, நடக்கப் பயிற்சிக்கும் ஏற்பாடு ஆயிற்று. பள்ளியில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: கணக்குப் பாடவேளையை முதலிலிருந்து நான்காவதுக்கு மாற்ற வேண்டும். "ஒருவனுக்காக மாற்றினால் மற்றவர்கள் கேட்கமாட்டார்களா?" என்றார் தலைமையாசிரியர். மாற்றினோம். யாரும் கேட்கவில்லை. இந்தக் கேள்வி பிறகும் பல இடங்களில் என் காதில் விழுந்திருக்கிறது. சலுகை கொடுத்தால் வரிசை கட்டுவார்கள் என்ற பயம் பெரியவர்களுக்கு மட்டுமே இருக்கிறது.

பட்டப்பெயரைத் திரும்பப் பெறுவதுதான் கஷ்டமாக இருந்தது. வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டால் அவன் வீட்டுக் கதை அம்பலத்துக்கு வரும். நான் சொல்வதை நிறுத்தினேன், பிள்ளைகள் நிறுத்தவில்லை. பத்தாம் வகுப்பு முடியும்வரை அவன் "பஸ்"தான்.

இந்த அனுபவம் என்னைக் கொஞ்சம் கெடுக்கவும் செய்தது. 2017 இல் கலந்தாய்வில் மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலானேன். அடுத்த ஜூனில் ஒரு பையன் கண் சிவந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான். நான் உடனே பதிவேட்டைப் புரட்டினேன், சமையலறையில் விசாரித்தேன், ஞாயிற்றுக்கிழமை வீடு தேடியும் போனேன். அவன் அம்மை கூரையைக் காட்டினார். பிரேசில் கொடி. உலகக் கோப்பைக் கால்பந்து ரஷ்யாவில் நடந்துகொண்டிருந்தது. இரவு பதினொன்றரைக்குத் தொடங்கும் ஆட்டங்களை ஊரே திரை கட்டி உட்கார்ந்து பார்க்கிறது. பையன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கொட்டாவி விடும் பிள்ளைகளின் வீட்டில் எல்லாம் சோகம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆனால் அதே பள்ளியில், அதற்குச் சில மாதங்கள் முன்பு, பார்க்க வேண்டிய ஒன்றை மூன்று மாதம் தவறவிட்டேன். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடுகிறவர்கள்; புயல் வரும் செய்தி எட்டாத தூரத்தில் இருந்தார்கள். சில படகுகள் லட்சத்தீவிலும், மகாராஷ்டிரா, குஜராத் கரைகளிலும் போய் ஒதுங்கின. அப்படி ஒவ்வொரு படகின் செய்தியும் வரவர, வராதவர்களின் வீட்டில் நம்பிக்கை நீண்டது. குழித்துறை ரயில் நிலையத்தில் சனம் உட்கார்ந்து போராடியது. உடல் கிடைக்கவில்லை என்பதால் இறந்தார் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை.

அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து வந்தவள் அவள். ஜனவரியில் பள்ளிக்கு வந்தாள். அழவில்லை. மதிப்பெண் குறையவில்லை. கையெழுத்து முன்பைவிட அழகாகிவிட்டது. "நல்ல தைரியசாலி" என்று ஆசிரியர் அறையில் பாராட்டினோம். ஒரே குறை, உதவித்தொகை விண்ணப்பத்தைத் திருப்பித் தரவில்லை. முதல் தடவை பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றாள். இரண்டாவது, தங்கை கிழித்துவிட்டாள் என்றாள். மூன்றாவது தடவை நான் எரிச்சலோடு, "பணம் வேண்டாமென்றால் சொல்லிவிடு" என்றேன். ஆமாம், 2011 இல் அவ்வளவு கற்றுக்கொண்ட அதே ஆள்தான்.

மார்ச்சில் அவளுடைய கணக்கு நோட்டின் பின்னட்டைக்குள் மூன்று படிவமும் மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். மூன்றிலும் எல்லாக் கட்டமும் அழகாக நிரப்பியிருந்தது. தந்தை பெயருக்குக் கீழே ஒரு வரி: உயிருடன் இல்லையெனில் அந்த விவரம். அந்த இடத்தில் மட்டும் பென்சிலால் எழுதி அழித்து, எழுதி அழித்து, தாள் மெலிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் மதிப்பெண்ணைப் பெரிதாக நம்புவதில்லை. சில பிள்ளைகள் உடையும்போது மதிப்பெண் கீழே போகும். சில பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். பார்க்க வேண்டியது, மூன்று மாதத்துக்கு முன்னால் இதே பிள்ளை எப்படி இருந்தது என்பதை. பேசுகிறவன் அடங்கிப் போனானா, அடங்கியவன் திடீரென்று சண்டை போடுகிறானா, எல்லாவற்றையும் முதல் ஆளாகத் தருகிறவள் ஒன்றை மட்டும் தராமல் இருக்கிறாளா. பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவனைக் காப்பி அடிப்பதாக அடித்துத் துரத்துவோம். கரும்பலகையே தெரியாமல் எழுதியிருப்பான். பள்ளிக் கண் பரிசோதனையில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கண்ணாடியோடு முடியக்கூடிய விஷயம் அது.

படிவத்தில் நானும் அலுவலகத்தில் ஒருவரும் யோசித்து, பாதுகாவலர் என்ற இடத்தில் அம்மையின் பெயரை வைத்து, அந்த வரியைத் தொடாமலே அனுப்பினோம். அவள் இரவில் தூங்குவதில்லை என்பது பிறகு தேவாலயப் பங்கில் இருந்த ஒரு கன்னியாஸ்திரீ மூலம் தெரிந்தது. மனநல மருத்துவர் என்றதும் அம்மை கையை உதறினார்: "பைத்தியம் என்று எழுதிவிட்டால் நாளை யார் சார் கட்டுவார்கள்?" அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. "தூக்கம் வரவில்லை, தலைவலி இருக்கிறது, டாக்டரிடம் காட்டுவோம்" என்றோம். அதில் பொய் ஒன்றுமில்லை. அந்த சிஸ்டர் இரண்டு பஸ் மாறி ஆசாரிபள்ளத்துக்குக் கூடவே போனார். போ என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் போயிருக்கமாட்டார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, பணம் வாங்குவதில்லை. குறைவது கூட வருகிற ஆள்தான். இப்போது 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது, 2022 இலிருந்து. தமிழிலேயே பேசலாம். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எந்த ஆபத்துக்கும் 1098.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது. அன்றைக்கே ஒரு பெரியவர் கையில் சேர்க்க வேண்டும். பாலியல் தொல்லை என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். "உனக்கு உதவ வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன்" என்பதுதான் நான் கொடுக்கும் வாக்கு. அதற்கு மேலே கொடுத்தால் உடைக்க வேண்டிவரும்.

பிள்ளைகளுக்கு மட்டும் என்றில்லை. என் மூத்த சக ஆசிரியர் ஒருவர், தமிழய்யா, வருகைப் பதிவு செல்போனுக்கு மாறிய பிறகு தினமும் "சிக்னல் இல்லை" என்றார். பக்கத்து மேசையில் எனக்கு முழு சிக்னல். பிறகு சின்னச் சின்னதாக அரைநாள் விடுப்பு, வகுப்பில் கத்தல். ஐம்பத்தாறு வயதில், நேற்றுவரை தன்னிடம் படித்த பிள்ளை வயதுள்ளவர்களுக்கு முன்னால் விரல் நடுங்குகிறது என்று சொல்ல அவரால் முடியவில்லை. இளைய ஆசிரியை ஒருவர், "ஐயா, எனக்கு யாப்பு புரியவில்லை, நீங்கள் கொஞ்சம் சொல்லித் தாருங்கள், செயலியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நூலக அறைக்கு அழைத்துப் போனார். இரண்டு வாரம். அந்தப் பெண்ணுக்கு யாப்பு நன்றாகவே தெரியும்.

பால்வெட்டுப் பையன் பத்தாம் வகுப்பில் கணக்கில் ஐம்பத்திரண்டு வாங்கினான். பெரிய மதிப்பெண் இல்லை. நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்திலுள்ள ஐடிஐ தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்துவிட்டு, இப்போது வீட்டுக் கூரைகளில் சோலார் தகடு பொருத்துகிறான். மாதத்துக்கு ஒருமுறை, சில மாதம் இரண்டு மூன்று முறையும் போன் வரும். குரலுக்குப் பின்னால் தகரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.

"எங்கே மக்களே, வேலைக்குப் போகவில்லையா?"

"மழை சார்."